ஹஃப்ஸாவின் கதாநாயகன்

பேரணாம்பட்டில் கம்பெனி பஸ் கிளம்பியதும் என் கையில் யாராவது போனைத் திணித்துவிடுவார்கள். ஆம்பூரில் எங்கள் ஷூ கம்பெனி வாசலிலேயே செல்போனை வாங்கி வைத்துவிடுவதால், எங்களோடு வேலை செய்யும் ஹஃப்ஸா ஒரு கதை ஆப்பில் எழுதும் தொடர்கதையின் புது அத்தியாயத்தை வழியிலேயே முடித்தாக வேண்டும். ஓடுகிற பஸ்ஸில் படித்தால் எல்லோருக்கும் தலை சுற்றுகிறதாம். மோகனாவுக்குக் குரல் நன்றாக இருக்கிறது என்று என்னைச் சத்தமாகப் படிக்க வைத்துவிட்டார்கள். ஹஃப்ஸா வெட்கப்பட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பாள். தோல் ஒட்டும் மேஜைக்குப் போன வருஷம் வந்த சின்னப் பெண். நானும் கதை எழுதுகிறவள்தான், கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே. ஒன்றுகூட அச்சில் வரவில்லை. இந்தப் பஸ்ஸில் ஒருத்தியும் என்னிடம் கதை கேட்டதில்லை. அவள் எழுத்துக்கு என் தொண்டை மட்டும் வேண்டியிருக்கிறது. வயிறு எரியாமல் இருக்குமா?

அன்றைய அத்தியாயத்தில் கதாநாயகி வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறாள். புருஷன் அவள் கையைப் பிடித்து முகர்கிறான். விரல்களில் தோல் ஒட்டும் சொல்யூஷன் வாசனை. அவன் முகம் சுளிக்கவில்லை. ‘இன்னிக்கி உன்ன யாராவது திட்னாங்களா?’ என்று கேட்கிறான். அந்த இடத்தில் ஹஃப்ஸா ‘தொடரும்’ போட்டுவிட்டாள்.

“இந்த மாதிரி ஆம்பள எங்க கீறான்?” என்றாள் பக்கத்து சீட் அன்வரி பேகம். “எங்க வூட்ல பேச்சே கம்மி.”

அன்று முழுக்க மெஷின் சத்தத்துக்கு நடுவில், கதாநாயகி என்ன பதில் சொல்லப்போகிறாள் என்பதே பேச்சாக இருந்தது. எனக்குத் தையல் கோணிக்கொண்டு போனது.

மத்தியானம் கேன்டீனில் கார்முகிலன் சார் கூப்பிட்டார். எங்கள் லைன் சூப்பர்வைசர். சொந்தமாக ஒரு சிற்றிதழ் நடத்துகிறார்.

“மோகனா, நீங்க குடுத்த கதைய படிச்சேன். அடுத்த இதழ்ல போடறேன்.”

என் கால் தரையில் நிற்கவில்லை.

“ஒரு சின்ன உதவி. ஞாயித்துக்கெழம வேலூர்ல நம்ம இதழ் கூட்டம். இந்தக் காதல் தொடர் குப்பைய பத்தி ஒரு கட்டுரை படிங்க. வேலவெட்டி இல்லாத பொம்பளைங்க எழுதறது, வேலவெட்டி இல்லாதவங்க படிக்கறது. நாங்க சொன்னா மட்டம் தட்டறோம்னுவாங்க. ஒரு பொம்பளயே சொன்னா எடுபடும்.”

சந்தோஷமாகத் தலையாட்டினேன். சனிக்கிழமை சாயங்காலம் ஹஃப்ஸாவின் தொடரை முதலிலிருந்து எடுத்து, குறை தேடிப் படித்தேன். நிறையக் கிடைத்தது. எப்போது பார்த்தாலும் மழை பெய்கிறது, எல்லோரும் அழகாக இருக்கிறார்கள். ஆனால் குறை தேடப் போனவள் நிறுத்தாமல் அடுத்தது அடுத்தது என்று போய்க்கொண்டே இருந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. அதைத் துடைக்கும்போது அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. இவளுக்கு எப்படி வருகிறது? எனக்கு ஏன் வரமாட்டேன் என்கிறது? அந்த ஆத்திரத்திலேயே கட்டுரையை எழுதி முடித்தேன்.

கூட்டம் லாங் பஜாரில் ஒரு பாத்திரக்கடை மாடியில். என்னைத் தவிர எல்லோரும் ஆண்கள். என்னைப் பேச அழைப்பதற்கு முன்னால் கார்முகிலன் சாரே போனை எடுத்து, அந்தக் கையை முகரும் இடத்தைக் கொஞ்சல் குரலில் படித்துக் காட்டினார். “பொம்பளைங்க ஏக்கத்துக்கு மருந்து,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. ஹஃப்ஸாவைப் பார்த்து எரிய எனக்கு உரிமை உண்டு. அவளை முழுசாகப் படித்திருக்கிறேன். இவர்களுக்கு என்ன வந்தது?

கட்டுரையை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு எழுந்தேன்.

“சார், எனக்கு அந்தப் பொண்ண கண்டா ஆகாது. பொறாம. குப்பயா இருந்தா எனக்கு ஏன் எரியணும்? உங்க கதையில ஆம்பள குடிச்சிட்டு பொலம்பினா அது வாழ்க்கை. ஒருத்தன் பொண்டாட்டிகிட்ட, ‘உன்ன யாராவது திட்னாங்களா’ன்னு கேட்டா அது மட்டும் குப்பயா?” நிறுத்த முடியவில்லை. “நம்ம கம்பெனி பஸ்ல வர்றவங்கள டெய்லி திட்றது யாருன்னு உங்களுக்குத் தெரியும் சார்.”

கார்முகிலன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்தவரைப் பேச அழைத்தார். கூட்டம் முடிந்ததும் என் கதையைக் கவரோடு நீட்டினார்.

“இந்த இதழ்ல பக்கம் கம்மி, மோகனா. காலைல லைன்ல பாப்போம்.”

படிக்கட்டில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நாளைக்கும் ஹஃப்ஸாவின் அத்தியாயத்தை என் வாயால்தான் படிக்க வேண்டும் என்று நினைத்ததும் பழையபடி கசந்தது. கவரைப் பிரித்தேன். என் கதையில் ஒரு பெண் பக்கம் பக்கமாக ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷனுக்கு நான் பெயர்கூட வைத்திருக்கவில்லை. கீழே தெருவில் ஒரு தள்ளுவண்டி வழி கிடைக்காமல் நின்றுகொண்டிருந்தது. பேனாவை எடுத்து, தாளின் ஓரத்தில் இருந்த வெற்றிடத்தில் அந்தப் புருஷனை அவள் அறைக்குள் வரவைத்தேன். வந்தவன் அவள் பின்னால் நின்றான். வாயைத் திறந்தான். என்ன கேட்பதென்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அதற்குள் அவள் ஜன்னலிலிருந்து திரும்பி அவனைப் பார்த்துவிட்டாள்.