காலித் தட்டும் மூன்று கோட்பாடுகளும்

1

இந்தக் கதை ஒரு தட்டில் பிறந்தது. அதுவும் என் தட்டு இல்லை, பக்கத்து வீட்டுத் தட்டு. ஜோர்டானின் அம்மான் நகரத்தில், பலகாரத்தோடு வந்த யார் வீட்டுத் தட்டும் காலியாகத் திரும்பிப் போகாது. போனால் உறவு முறிந்தது என்று பொருள். அதில் எதை வைத்து அனுப்புவது என்று தெரியாமல், பேசாமல் கதைக்குள் தள்ளிவிட்டேன்.

முதல் தொடக்கம்: பனிப்போருக்குப் பிந்தைய உலக ஒழுங்கில், அரசுகள் தமக்குள்... (அடித்துவிட்டேன். எனக்கே கொட்டாவி வந்தது.)

2

ரவந்த் சர்வதேச உறவுக் கோட்பாடுகளை ஒப்பிட்டு ஆய்வேடு எழுதுகிறாள். முடிவுரை மட்டும் பாக்கி. அவள் அம்மா உம் கசானோ எதிர்வீட்டு உம் சுஹைபோடு பேசுவதில்லை. (உம் என்றால் அம்மா; இங்கே மகன் பெயரோடு சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள்.) வாரம் ஒருமுறை வரும் தண்ணீரை மோட்டார் போட்டு யார் முதலில் இழுத்தது என்ற சண்டை. சண்டைக்கு முன்னால் உம் சுஹைப் பலகாரம் அனுப்பிய தட்டு இன்னும் இவர்கள் வீட்டில்தான். (யார் என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன், அதே தெருவில்தான் நானும் குடியிருக்கிறேன்.) காலையில் அம்மா பழக்கதோஷத்தில் உம் சுஹைபுக்கும் சேர்த்து இரண்டு கோப்பை காபி ஊற்றுகிறாள். ஒன்று ஆறிப்போய்த் தொட்டிக்குள் போகிறது. அதைப் பார்த்தாலே ரவந்துக்கு அழுகை முட்டும். இவர்களைச் சேர்த்துவைக்கிற கோட்பாட்டுக்கே முடிவுரை என்று தீர்மானித்தாள்.

3

யதார்த்தவாதம்: தலைக்குமேல் நாட்டாமை இல்லாத உலகில் அவரவர் பலமே அவரவர் காவல். அம்மாவுக்கு ஏகக் குஷி. அவள் தட்டைக் கழுவிக் காலியாகவே கொடுத்துவிடு என்றாள்.

தாராளவாதம்: கொடுக்கல் வாங்கல் இருந்தால் சண்டை வராது. திராட்சை இலைச் சுருள் அனுப்பலாமே என்றாள் ரவந்த். பத்து வருஷம் கொடுத்து வாங்கித்தானே இந்தக் கதி என்று அம்மா மடக்கினாள்.

கட்டமைவுவாதம்: பகை என்பது நாமே நினைத்து நினைத்து வளர்த்தது, வேறுமாதிரி நடந்தால் மாறிவிடும். படிக்கட்டில் பார்த்தால் சிரியுங்கள் என்றாள் ரவந்த்.

"நான் சிரிச்சா அவ பயந்து போலீஸக் கூப்பிடுவா, அம்மாடி."

(இவள் யார் சொல்லையும் கேட்பதில்லை. எழுதுவது நான்தான் என்று பேருக்குச் சொல்லிக்கொள்கிறேன்.)

4

வேறு வழியில்லை, அழைப்புமணியை நானே அடித்தேன். வாசலில் உம் சுஹைப். விருந்தாளி வருகிறார்கள், தட்டு வேண்டுமாம்.

தட்டு காலி. அம்மா திணறினாள். பிறகு அந்த இரண்டாவது காபியைத் தூக்கித் தட்டில் வைத்து நீட்டினாள். உம் சுஹைப் வாங்கிக்கொண்டாள். குடிக்கவில்லை. எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்: ஒன்று கேட்க வந்திருக்கிறேன், தருகிறேன் என்றால்தான் குடிப்பேன்.

மூன்று கோட்பாடுகளிலும் இந்தக் காபிக்கு இடமில்லை.

"குடிடி முதல்ல," என்றாள் அம்மா. "என்ன கேக்க வந்தியோ, அது குடுத்தாச்சு."

என்ன கேட்கப் போகிறாள் என்றே தெரியாமல்!

5

அவள் கேட்டது மோட்டாரை. (அடித்துவிட்டேன், சின்னத்தனம்.) மன்னிப்பை. (அழுகாச்சி.) தன் மகன் சுஹைபுக்கு ரவந்தை. (ரவந்த் என்னை முறைக்கிறாள்.)

ரவந்தின் முடிவுரையும் "மூன்றையும் ஒப்பிடுகையில்" என்பதோடு நிற்கிறது.

உம் சுஹைப் ஒரு மடக்கு குடித்துவிட்டு வாயைத் திறக்கிறாள். நான் பேனாவை மூடிவைக்கிறேன், இதற்குமேல் எழுத வராது. இன்றைக்கு அந்தக் காபி தொட்டிக்குப் போகவில்லை, எனக்கு அது போதும். அவள் என்ன கேட்டாள் என்பதைத் தட்டில் நீங்களே வையுங்கள். தட்டு இப்போது உங்கள் வீட்டில் இருக்கிறது. காலியாகத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.