அண்ணன் கேட்ட தடி ரேடியேட்டர்

ஆலங்காயத்தில் இளவரசனும் அவன் தங்கை அபிநயாவும் கல்யாண வீடியோ ஸ்டுடியோ வைத்திருந்தார்கள். படம் பிடிப்பது அண்ணன். கம்ப்யூட்டரில் அதை வெட்டி ஒட்டுவது தங்கை. சித்திரை வெயிலில் அந்தக் கம்ப்யூட்டர் சூடேறிப் பாதி வேலையில் படுத்துவிட, உள்ளே தண்ணீர் ஓடிக் குளிர வைக்கும் புதுப் பெட்டி ஒன்றை அவளே கோர்க்கத் தொடங்கினாள். அந்தத் தண்ணீரின் சூட்டைக் காற்றில் இறக்கும் ரேடியேட்டரில்தான் தகராறு வந்தது.

“தடியா ஒண்ணு வாங்கு. லாரில பாத்ததில்ல? தடியா இருந்தாதான் சூடு எறங்கும்,” என்றான் இளவரசன்.

“தடியானதுக்குள்ள காத்து பூந்து வரணும்னா ஃபேனு பேய் மாதிரி சுத்தணும்ண்ணா. மெல்லிசா ரெண்டு போட்டா காத்து படுற எடம் ஜாஸ்தி, சத்தம் கம்மி. அதுவுமில்லாம, தடியானது இந்தப் பெட்டில போர்டு மேல இடிக்கும்.”

“எனக்கே சொல்லித் தர்றியா? தடிதான்.”

“சரிண்ணா,” என்றாள் அபிநயா, ரொம்பப் பணிவாக.

அவன் ஒரு கல்யாணத்துக்காக ஜமுனாமரத்தூருக்கு மலையேறிய நேரம் பார்த்து, மெல்லிசாக இரண்டை வரவழைத்தாள். மேலே ஒன்று, முன்னால் ஒன்று மாட்டி மூடியைத் திருகிவிட்டாள்.

திரும்பி வந்தவன் பெட்டிமேல் கையை வைத்தான். சுடவில்லை. காதை வைத்தான். தூங்கும் பூனை போலக் கிடந்தது.

“பாத்தியா? இன்னா சொன்னேன் நானு?”

“நீ சொன்னா தப்பா பூடுமாண்ணா?”

அதோடு விட்டானா? பார்த்தவனிடமெல்லாம் தடி ரேடியேட்டர் புராணம்தான். ஒருநாள் திருப்பத்தூரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் சிநேகிதன் ஜீவானந்தம் வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றான்.

“உன் பேச்சக் கேட்டு தடியா வாங்கிட்டேன்டா. உள்ள போவமாட்டேங்குது. உன்னுது எப்பிடி மாட்டினீங்க, தொறந்து காட்டு.”

“இப்ப தொறந்தா தூசி பூந்துடும்ண்ணா,” என்று அபிநயா முட்டுக்கட்டை போட்டுப் பார்த்தாள். அதற்குள் அண்ணன் கையில் ஸ்க்ரூடிரைவர்.

மூடி கழன்றது. இரு விரல் பருமன்கூடத் தேறாத இரண்டு ரேடியேட்டர்கள். இளவரசன் தங்கையைப் பார்த்தான். தங்கை சுவரைப் பார்த்தாள்.

“இதுவாடா தடி?”

இளவரசன் அசரவில்லை. “எங்க பெட்டிக்கு இதான்டா தடி. அளவு பாக்காம யாரு உன்ன வாங்கச் சொன்னது?”

“அடப்பாவி! நான் பெட்டிய கட்டர் போட்டு அறுத்துட்டேன்டா! மேல மூட்ட மாதிரி குந்திகினு கெடக்குது. ஃபேனு போடற சத்தத்துல, ரைஸ் மில்லு வச்சிட்டியான்னு எதுர் வூட்டுல கேக்கறாங்க.”

அபிநயா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்த பாவத்துக்கு, ஞாயிற்றுக்கிழமை திருப்பத்தூர் வந்து அவனுக்கும் சரியான ரேடியேட்டர் பார்த்துத் தருவதாக ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

அவனை பஸ் ஏற்றிவிட்டு வந்த அண்ணனிடம், “கோவமாண்ணா?” என்று மெல்லக் கேட்டாள்.

இளவரசன் தொண்டையைச் செருமினான். “ஞாயித்துக்கெழம நானும் வர்றேன். இதெல்லாம் எங்கண்ணன் சொல்லிக் குடுத்ததுன்னு அவனாண்ட சொல்லிடு.”

“பஸ்ல ஜன்னல் சீட்டு எனக்குன்னா சொல்றேன்.”