மஞ்சள் பிளேனும் ஒரு கட்டிச் சூடமும்

புதுப் பெயிண்டைக் கண்டால் எனக்கு ஆகாது. லோரியானாலும் சரி, மாப்பிள்ளை வீட்டுச் சுவரானாலும் சரி, அவசரமாகப் பூசியிருந்தால் அடியில் ஏதோ இருக்கிறது என்றுதான் என் புத்தி போகும். "ஒன்ன போலிஸ்ல சேத்திருக்கணும் சந்திரிகா" என்று என் கணவர் சேது சிரிப்பார்.

அந்த மஞ்சள் பிளேனுக்கும் புதுப் பெயிண்ட்தான் அடித்திருந்தது.

எண்பத்தாறாம் ஆண்டு அது. புக்கிட் ரோத்தானுக்குப் பக்கத்தில், ஓர் எஸ்டேட்டின் செம்பனை மரங்களுக்கு நடுவே, பயிருக்கு மருந்தடிக்கும் பிளேன் இறங்குவதற்கென்று ஒரு புல் ஓடுபாதை இருந்தது. சொந்தப் பிளேன் வைத்திருக்கும் பட்டணத்துக்காரர்கள் வருஷத்துக்கு ஒருமுறை அங்கே பறந்து வந்து கூடுவார்கள். வரிசையாக நிற்கும் பிளேன்களில் சிலவற்றின் மூக்கில் விற்பனை அட்டை தொங்கும். எஸ்டேட் லயங்களில் குடியிருந்த சனங்கள் அதற்குப் 'பிளேன் சந்தை' என்று பெயர் வைத்திருந்தார்கள். மாட்டுச் சந்தையாவது பரவாயில்லை, பல்லைப் பிடித்துப் பார்த்துவிடலாம்.

சேது, எஸ்டேட்டில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோரின் மகன். மருந்தடிக்கும் கம்பெனிக்கு மருந்து கலக்கப் போனவர், அங்கிருந்த வெள்ளைக்காரப் பைலட்டுக்குப் பிடித்துப்போய், பறக்கப் படித்து லைசென்ஸும் எடுத்தார். கம்பெனியை மூடிய பிறகு செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். ஓட்டினாரே தவிர, கண் மேலேதான் இருந்தது. பழைய பிளேன் ஒன்று வாங்கினால் தஞ்சோங் காராங் வயல்களுக்கு மருந்தடிக்கலாம், சொந்தத் தொழில் என்று சாப்பிடும்போதும் அதே பேச்சு.

எனக்குத் தொழில்மீது கோபம் இல்லை. பயம் இருந்தது. அவரோடு வேலை செய்த செல்லன், கலும்பாங் பக்கம் மருந்தடிக்கப் போய், நடுவானில் எஞ்சின் நின்று மரங்களுக்குள் விழுந்தார். அவர் மனைவி ரமணியின் வளையலைக் கழற்றியபோது அவளைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான். ரமணி போட்ட சத்தம் இன்றைக்கும் என் காதைவிட்டுப் போகவில்லை.

"வாங்குங்க. ஆனா நான் பாத்துட்டுத்தான்" என்று சொல்லியிருந்தேன்.

அன்று விடிந்ததும் சேது மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிட்டார். பிளேன்களை வரிசையாக நிறுத்த ஆள் வேண்டுமாம். நான் சமையலை முடித்து, ஒரு பையில் வெற்றிலை, எலுமிச்சம்பழம், சூடம், தீப்பெட்டி எல்லாம் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். நல்ல பிளேனாக இருந்தால் அங்கேயே பூசை போட்டுவிடலாம் என்றுதான்.

சேது என்னை அந்த மஞ்சள் பிளேனிடம் கூட்டிப்போனார். விற்க வந்தவர் பெயர் உமாபதி. வெள்ளைச் சட்டை, தங்க வாட்ச், வாய் நிறைய 'தங்கச்சி'.

"வாங்க தங்கச்சி! பாருங்க, கல்யாணப் பொண்ணு மாதிரி நிக்குது லா!"

கல்யாணப் பெண்ணுக்குப் பவுடர் எதற்கு அப்பினார்கள் என்று பார்ப்பதுதான் என் வேலை. சுற்றி வந்தேன். ஒரே ஆள் உட்காரும் பிளேன். சீட்டுக்குப் புது உறை. வயிற்றுப் பக்கம் எண்ணெய் வழிந்து துடைத்த தடம்.

"ஓட்டிக் காட்டுங்க அண்ணே."

"அதான் தங்கச்சி கஷ்டம். டேங்க்ல சொட்டு எண்ணெய் இல்ல. நேத்து வந்து எறங்குனதோட சரி. இங்க ஊத்துறவன் பட்டணத்துக்குப் போயிட்டான்."

சந்தைக்கு மாட்டைக் கொண்டுவந்தவன், அதற்கு நடக்கத் தெரியும், ஆனால் இன்றைக்கு நடக்காது என்றால் எப்படி இருக்கும்? நான் பிளேனின் மூக்கில் கை வைத்தேன். சூடாக இருந்தது. வாலில் கை வைத்தேன். குளிர்ச்சியாக இருந்தது. மூக்கும் வாலும் ஒரே செம்பனை நிழலில்தான் நின்றன.

"மூஞ்சி மட்டும் ஏன் சுடுது?"

உமாபதி வாயைத் திறப்பதற்குள் சேது சொன்னார்: "இப்பத்தான் நெழல் வந்துச்சு. காலைலேருந்து வெயிலு."

அவர் சொன்னதால் நம்பினேன். பிளேனைப் பற்றி அவருக்குத் தெரியாததா? என் சந்தேகமெல்லாம் அந்தத் தங்க வாட்சின் மேல்தான் இருந்தது. வாயால் கேட்டால் இந்த ஆள் வாயால்தான் பதில் சொல்வார். எங்கள் எஸ்டேட்டில் ஆடு காணாமல் போனாலும் அண்ணன் தம்பி சண்டை வந்தாலும் கடைசியில் ஒன்றுதான் செய்வோம். எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்யவேண்டும். பொய்ச் சத்தியம் செய்தவன் குடும்பம் விளங்காது. அதனால் திருடன்கூடச் சூடத்துக்கு முன்னால் கொஞ்சம் யோசிப்பான்.

பையிலிருந்து வெற்றிலையை எடுத்து இறக்கைக்கு அடியில் புல்லில் வைத்தேன். அதன்மேல் சூடக் கட்டியை வைத்தேன்.

"அண்ணே, இந்த பிளேன் எஞ்சின் ஆகாயத்துல நின்னு போவாது, இதுல குத்தம் கொற ஒன்னும் இல்லன்னு சூடம் அடிச்சு சத்தியம் பண்ணுங்க. மத்தது அப்புறம் பேசலாம்."

உமாபதி சிரித்தார். "இது என்னா தங்கச்சி, கோயில்லயா இருக்கோம்?" என்றவர் சேதுவைப் பார்த்தார். சேது என்னைப் பார்க்கவில்லை.

"டேங்க்தான் காலியாச்சே, என்னா பயம்?" என்று சொல்லிக்கொண்டே குனிந்து தீக்குச்சியை உரசப் போனேன்.

"சந்திரிகா! வேணாம்!"

பாய்ந்து வந்து என் கையைத் தட்டிவிட்டது சேது. தீப்பெட்டி புல்லில் விழுந்து குச்சிகள் சிதறின. அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"டேங்க் ஃபுல்லா இருக்கு! காலைல நான்தானே ஊத்துனேன்!"

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. உமாபதி வாட்சைத் திருகிக்கொண்டு அடுத்த பிளேன் பக்கம் நகர்ந்துவிட்டார். நான் நிமிர்ந்தேன்.

"காலைல ஓட்டுனீங்களா?"

தலையசைத்தார்.

"என்னா ஆச்சு?"

"பாசிர் பெனம்பாங் வரைக்கும் நல்லாத்தான் போச்சு. ஆத்துக்கு மேல திரும்பும்போது எஞ்சின் நின்னுருச்சு. ரெண்டாந்தரம் ஸ்டார்ட் பண்ணுனப்பதான் புடிச்சுது. பிரிச்சுப் பாத்தா சரி பண்ணிடலாம் சந்திரிகா. ஒனக்குத் தெரிஞ்சா விடமாட்டேன்னுதான் அவர்கிட்ட அப்புடிச் சொல்லச் சொன்னேன்."

செல்லனுக்கு நின்றது போலத்தான் இவருக்கும் நின்றிருக்கிறது. நான் இவருக்காக வீட்டில் மீன் பொரித்துக்கொண்டிருந்த நேரத்தில், இவர் ஆற்றுக்கு மேலே எஞ்சின் இல்லாமல் தொங்கியிருக்கிறார். அந்தப் பிளேனிலேயே திரும்ப ஏறி ஓட்ட, என்னை ஏமாற்ற ஆள் பிடித்திருக்கிறார். அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது.

வெற்றிலையையும் சூடத்தையும் தீப்பெட்டியையும் பொறுக்கிக்கொண்டு ஓடுபாதையைத் தாண்டி நடந்தேன். அவரும் பின்னாலேயே வந்தார். பிளேன்கள் எட்டாத தூரத்தில், செம்பனை ஓரமாக, வெற்றிலையை வைத்துச் சூடத்தைக் கொளுத்தினேன்.

"இப்ப நீங்க அடிங்க. இனிமே எங்கிட்ட பொய் சொல்லமாட்டேன்னு."

சேது உட்கார்ந்தார். கையை நீட்டினார். கை பாதி தூரம் வந்து அப்படியே நின்றது. தலைக்கு மேல் ஒரு பிளேன் இறங்க வந்தது. அவர் கண் தன்னை அறியாமல் மேலே போய்விட்டு, திரும்பி என்னிடம் வந்தது. கை மட்டும் நகரவில்லை. சூடம் எரிந்து தானாகவே அணைந்தது, வெற்றிலை கருகியது.

பிறகு அவரே எழுந்து போய் உமாபதியிடம், "வேணாம்ணே" என்று சொல்லிவிட்டு வந்தார். நான் சொல்லச் சொல்லவில்லை.

வீட்டுக்கு மோட்டார் சைக்கிளில்தான் திரும்பினோம். செம்மண் சாலையில் பள்ளம் வந்தால் அவர் தோளைப் பிடித்துக்கொள்வது என் வழக்கம். அன்று வழி முழுக்க சீட்டின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தேன். பள்ளம் வரும்போதெல்லாம் அவர் தோளை லேசாகப் பின்னால் சாய்த்துப் பார்த்தார்.