லான்ஸ் ராப்சன் கீழே வந்த வழி

ஹெட்டி துடைப்பத்தைத் தலைகீழாகப் பிடித்து, அதன் நீளக் கம்பால் உட்கூரையை மூன்றாவது தடவையும் இடித்தாள். சுண்ணாம்பு உதிர்ந்து அவள் மூக்குக் கண்ணாடியில் விழுந்தது. மேலேயிருந்து பதில் இல்லை.

ஓர் இடிக்குச் சாப்பாடு தயார் என்று பொருள். இரண்டுக்கு ரேடியோவைக் குறை என்று பொருள். மூன்றுக்கு இதுவரை பொருளே தேவைப்பட்டதில்லை.

வழக்கமாக லான்ஸ் ராப்சன் குதிகாலால் தரையை ஒருமுறை தட்டுவார். பிறகு பின்பக்கப் படியில் இறங்கி, பாதியில் வைத்திருக்கும் தட்டை எடுத்துக்கொண்டு மேலே போய்விடுவார். அந்தக் கணவன் மனைவியின் குடித்தனம் பல வருடங்களாக இப்படித்தான் நடந்துவந்தது. அவர் மேலே, அவள் கீழே, நடுவில் ஓர் உட்கூரை.

எங்கள் ஊர் ஹீட்டன் பக்கம் தெரு தெருவாக இதே வீடுகள்தான். ஒட்டிப் பிறந்த இரட்டையர் மாதிரி வாசலில் இரண்டு கதவுகள். ஒன்றைத் திறந்தால் கீழ்வீடு. மற்றதைத் திறந்தால் நேரே படிக்கட்டு. விக்டோரியா ராணி காலத்துக் கொத்தனார் ஏணியைப் பார்த்து அதை வரைந்திருக்க வேண்டும். ஏறுகிறவனுக்கு அடுத்த படி மூக்கில் இடிக்கும். கீழ்வீட்டின் உரிமை மேல்வீட்டுக்காரரிடமும், மேல்வீட்டின் உரிமை கீழ்வீட்டுக்காரரிடமும் இருக்கும்படி பத்திரம் எழுதுவது எங்கள் வழக்கம். ஒருவரை ஒருவர் பகைத்துக்கொள்ள முடியாதபடி ஏற்பாடு. லான்ஸும் ஹெட்டியும் ஒருவரையொருவர் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். இருவரும் மறுத்துவிட்டார்கள்.

எல்லாம் லீக்ஸ் என்கிற தடித்த வெங்காயத்தண்டால் வந்த வினை. எங்கள் ஊரில் ஆண்பிள்ளைகள் லீக்ஸ் வளர்ப்பது தின்பதற்கல்ல, செப்டம்பர் மாதப் போட்டிக்கு. அந்த வருடம் லான்ஸ் வளர்த்த ஜோடி ஆள் தொடைப் பருமன் இருந்தது. அதன் நிழலில் இரண்டு வீட்டுப் பூனைகள் சண்டையில்லாமல் தூங்கின. ராத்திரியில் அதற்குக் குளிருமென்று தன் கம்பளிக் கோட்டைக் கழற்றிப் போர்த்திவிட்டு வந்தார். லீக்ஸ் பிழைத்தது, அவருக்குக் காய்ச்சல் வந்தது. போட்டிக்கு முந்தின நாள் அவற்றைக் கழுவி, ஈரத்துண்டில் சுற்றி, அடுக்களை மேசையில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தார். ஹெட்டியின் கண்ணாடி அன்று உடைந்து கடையில் இருந்தது. துண்டுக்குள் இருப்பது காய்கறி என்பது வரைக்கும்தான் அவள் கைக்குத் தெரிந்தது. காய்ச்சல்காரருக்குச் சூப் வைத்தாள். அவர் மூன்று கிண்ணம் குடித்தார்.

"உன் கையால இப்படி ஒரு சூப் நான் குடிச்சதே இல்ல, ஹெட்டி" என்றார். பிறகு லீக்ஸைப் பார்த்துவர எழுந்து போனார்.

அன்று சாயங்காலமே, இறந்துபோன அம்மாவின் மேல்வீட்டுக்கு ரேடியோவோடு குடியேறினார். "இனிமே உன் வாசப்படியில கால் வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். வைக்கவும் இல்லை. ஆனால் கழுவிய தட்டு மட்டும் தவறாமல் இறங்கி வரும், இன்னொரு தட்டால் மூடி. உள்ளே தோட்டத்தில் விளைந்தது ஏதாவது இருக்கும். உருளைக்கிழங்கு, கேரட், ஒருமுறை முட்டைக்கோஸ். அன்று மூடிய தட்டு தொப்பி மாதிரி உட்கார்ந்திருந்தது. லீக்ஸ் ஒருநாளும் வந்ததில்லை. ஹெட்டியும் அதன் பிறகு லீக்ஸ் போட்டுச் சூப் வைத்ததில்லை.

மூன்றாவது இடிக்கும் பதில் வராததால் ஹெட்டி துடைப்பத்தைக் கையில் பிடித்தபடியே முற்றத்தைத் தாண்டிப் பின்படி ஏறினாள். மேலே சன்னல் திட்டில் நேற்றைய தட்டு, கழுவி மூடியபடி இருந்தது. அவள் நிற்காமல் உள்ளே போனாள்.

லான்ஸ் தெருப்பக்க அறையில் படுத்திருந்தார். முகம் மெழுகுவத்தி நிறத்துக்கு வந்திருந்தது. அவளைப் பார்த்தார், துடைப்பத்தைப் பார்த்தார்.

"அடிக்க வந்தியா, பெருக்க வந்தியா?"

"வீடு இருக்கற லட்சணத்துக்கு ரெண்டும் செய்யலாம். என்ன பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணல. அதான் சங்கதி. கால தட்டலாம்னு பாத்தேன், சொன்ன பேச்சு கேக்கல."

"டாக்டருக்கு ஆள் அனுப்பிட்டு வரேன்."

"அனுப்பு. இந்தப் படியேறி வந்தா முதல்ல அவனுக்குத்தான் வைத்தியம் பாக்கணும்."

அவள் சன்னலைத் தூக்கி எதிர்வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நகக்கண்ணில் தோட்டத்து மண் இருந்தது.

"ஹெட்டி."

"ம்."

"என்ன நிக்க வச்சு மட்டும் இறக்கிடாத, கண்ணு."

அது எதைப் பற்றிய பேச்சு என்று அவளுக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும். லான்ஸின் அப்பாவை இதே மாதிரிப் படியில், சவப்பெட்டியை நிமிர்த்தி வைத்து இறக்கினார்களாம். பாதியில் பிடி நழுவி, பெட்டி தூக்கினவர்களை முந்திக்கொண்டு கதவைத் தாண்டி, நடைபாதையைத் தாண்டி, அப்போதுதான் கிளம்பிய டிராமில் ஏறிவிட்டதாம். கடற்கரை நிறுத்தத்தில் போய்த்தான் மீட்டார்களாம். "கடல் காத்து பட்டு அப்பா முகம் தெளிஞ்சிருந்துச்சு" என்று லான்ஸ் முடிப்பார். எந்தச் சாவு வீட்டிலும் இந்தக் கதையைச் சொல்லாமல் அவர் எழுந்ததில்லை. சொல்லும்போது ஒருதடவையும் சிரித்ததில்லை. இப்போதும் சிரிக்கவில்லை.

"உன்ன இப்ப யாரு இறக்கறாங்க? பேசாம படு."

அவர் பேசாமல் படுத்தார். டாக்டர் ஏறி வந்து, மூச்சு வாங்க உட்கார்ந்து, எழுந்து பார்த்தபோது பார்ப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. ஹெட்டி கையை விடவில்லை.

மகள் மோரீன் சண்டர்லாந்திலிருந்து வந்தாள். எங்கள் ஊர்க்காரன் எவனும் மகளைப் பரம வைரி ஊரான சண்டர்லாந்தில் கொடுக்க மாட்டான். லான்ஸ் அதைக்கூட மன்னித்திருந்தார்.

அடக்கத்தன்று காலை, சவ அடக்க வேலையைப் பார்க்கும் டாட்ஸ், நடைபாதையில் நின்று தொப்பியைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

"நிமித்தி வச்சாதான் இறங்கும், மிஸஸ் ராப்சன். இந்தத் தெருவுல எல்லாரையும் அப்படித்தான் இறக்கியிருக்கேன். யாரும் குறை சொன்னதில்ல."

"இவரு சொல்லியிருக்காரு."

"அப்ப சன்னல கழட்டிட்டுக் கயிறு கட்டி இறக்கலாம்."

"அவரென்ன பியானோவா?"

"பின்படி இருக்கு. அவ்வளவு செங்குத்து இல்ல, படுத்தவாக்குல வரலாம். முற்றத்துல இறங்கி, பின்சந்து வழியா..."

"பின்சந்துல குப்பைத்தொட்டி போகும். என் புருஷன் முன்வாசல் வழியாத்தான் போவாரு."

டாட்ஸ் தொப்பியை நிறுத்தினார். "பின்னால இறங்கி முன்னால போகணும்னா, நடுவுல..." என்று ஹெட்டியின் கதவைப் பார்த்தார். எங்கள் தெருவில் பிழைப்பு நடத்துகிறவருக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும்.

மோரீன் அம்மாவின் முழங்கையைப் பிடித்தாள். "வேணாம்மா. உன் வாசப்படியில கால் வைக்க மாட்டேன்னு அப்பா சொன்னாரு. கடைசி வரைக்கும் காப்பாத்துனாரு. இப்ப வாயில்லாத நேரத்துல அத மீற வச்சா, காலம் பூரா உனக்கே உறுத்தும்."

ஹெட்டி இரண்டு கதவுகளையும் பார்த்தாள். அவளுடையது பச்சை, அவருடையது பழுப்பு. நடுவில் ஒரு செங்கல் அகலம்.

"அவரு ஏன் கால் வைக்கணும்?" என்றாள். "நாலு பேரு தூக்கிட்டுத்தான வராங்க."

உள்ளே போய் அடுக்களை மேசையைச் சுவரோரம் தள்ளினாள். நடையைப் பெருக்கினாள், அதே துடைப்பத்தால்.

லீக்ஸ் சங்கத்து நண்பர்கள் நாலு பேர் தூக்கினார்கள். வழியில் பெட்டி இடித்துவிடக் கூடாதென்று மோரீன் முன்னால் போய் சன்னல் திட்டிலிருந்த தட்டை எடுத்து வந்து அம்மாவின் மேசையில் வைத்தாள். பெட்டி படுத்தபடியே, ஒரு பக்கமும் சாயாமல் இறங்கியது. அடுக்களை வாசலில் மேல்கட்டை கொஞ்சம் தாழ்வு.

"லான்ஸு, தல பத்திரம்" என்றார் முன்னால் பிடித்திருந்தவர். யாரும் சிரிக்கவில்லை. லான்ஸ் இருந்திருந்தால் அவரும் சிரித்திருக்க மாட்டார்.

அடுக்களை வழியாக, நடை வழியாக, தெருப்பக்க அறை வரைக்கும் வந்தது. டாட்ஸ் முன்கதவைத் திறக்கப் போனார்.

"இருங்க" என்றாள் ஹெட்டி. "இப்பதான வந்திருக்காரு."

இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டாள். பெட்டியை அதன் மேல் வைத்தார்கள். மூன்றாவது நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு அவள் உட்கார்ந்தாள். நாலு பேரும் நடையில் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பாதிரியார் வெளியே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். டாட்ஸ் அவர் பக்கம் திரும்பித் தலையை ஆட்ட, கையை இறக்கிக்கொண்டார். ஹெட்டி ஒருமுறை மட்டும் பெட்டியின் பக்கப் பலகையை விரல் முட்டியால் தட்டினாள். ஒரே ஒரு தட்டு.

பிறகு எழுந்து, பச்சைக் கதவைத் தானே திறந்தாள். வெளியே தொப்பியைக் கழற்றிக்கொண்டு பழுப்புக் கதவைப் பார்த்து நின்ற ஆண்களெல்லாம் அவசரமாகத் திரும்பினார்கள்.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் தேநீரும் பன்றிக்கறி ரொட்டியும் முடித்துப் போன பிறகு, மோரீன் அடுக்களையில் அண்ணாந்து பார்த்தாள். உட்கூரையில் கிண்ணம் கவிழ்த்த அளவுக்கு ஒரு குழி.

"இத பூசிடச் சொல்லட்டுமாம்மா?"

"அது பாட்டுக்கு இருக்கட்டும்."

"அடுப்புல சூப் வைக்கிறேன். காலையிலேருந்து நீ ஒண்ணும் சாப்பிடல."

ஹெட்டி மேசையருகே உட்கார்ந்து, மூடியிருந்த தட்டைத் தூக்கினாள். உள்ளே ஒரு லீக்ஸ். போட்டி ரகம் இல்லை; பூனையெதுவும் அதன் நிழலில் படுக்காது. பச்சையை நறுக்கி, வேரைக் கிள்ளி, தட்டுக்குள் அடங்கும்படி வைத்த, அடுக்களை அளவு லீக்ஸ். மண் போகக் கழுவியிருந்தது.

மோரீன் கத்தியை எடுத்துக்கொண்டு வந்தாள். "நல்லதாப் போச்சு. குடும்மா, நறுக்கிப் போடறேன்."

ஹெட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தாள்.

"கேரட் போட்டுக்கோ" என்றாள்.

எழுந்துபோய்க் குழாயடியில் ஒரு துண்டை நனைத்துப் பிழிந்தாள். அதில் லீக்ஸைச் சுற்றி, இரண்டு முனையையும் உள்ளே மடித்து, மேசையின் நடுவில் வைத்தாள்.