பிரிக்காத பின் சீட்டு

எங்கள் தெருவில் அப்பாவின் காருக்கு ‘வீட்டோட மாப்பிள்ளை’ என்று பெயர். வெளியே போகாது, ஒரு வேலைக்கும் ஆகாது, கவனிப்பு மட்டும் ராஜ கவனிப்பு. வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்த வண்டி. மழை பெய்தால் எடுக்க மாட்டார், வெயில் அடித்தால் எடுக்க மாட்டார். நாங்கள் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனோம்.

இப்போது அதை விற்றால்தான் அம்மாவுக்குத் தொடர்ந்து பிசியோதெரபி கொடுக்க முடியும். பக்கவாதத்தில் அவளுக்கு இடது கையும் காலும் விழுந்துவிட்டன.

வாங்க நினைப்பவர் அனுப்பிய மெக்கானிக் மீட்டரைப் பார்த்ததும் சிரித்தார். “பதினாலு வருஷ வண்டி. வெறும் ஒன்பதாயிரம் கிலோமீட்டரா? மீட்டரைத் திருப்பி வச்சிருக்கீங்களா சார்?”

அப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. “பிரேக் பெடலைப் பாருங்க. ரப்பர்ல ஒரு கோடாவது தேஞ்சிருக்கா?”

தேயவில்லை. மெக்கானிக் ஒத்துக்கொண்டார். பிறகு பானெட்டைத் திறந்து பார்த்தார், வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். எழுந்து வந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

“மீட்டர் உண்மைதான் சார். ஆனா வண்டி நின்னே கெட்டுப்போச்சு. டயர் பூரா வெடிப்பு. ஹோஸ் எல்லாம் இறுகிடுச்சு. டேங்க்ல துரு. இதுக்குப் பார்ட்ஸும் இங்க கிடைக்காது. ஓட்டியிருந்தீங்கன்னா நல்லா இருந்திருக்கும். நீங்க கேக்குற விலையில பாதிகூடத் தேறாது.”

அப்பா விடவில்லை. பின் கதவைத் திறந்து காட்டினார்.

“சீட்டைப் பாருங்க. கம்பெனியில போட்ட பிளாஸ்டிக் கவரைக்கூடப் பிரிக்கலை.”

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்த அன்றைக்கும் அந்தக் கவர் அப்படியேதான் இருந்தது. அம்மா வாய் கோணி, வாந்தி எடுத்தபடி வாசலில் சரிந்து கிடந்தாள். சாவி அப்பாவின் சட்டைப் பையில் இருந்தது. “சீட்டு பாழாயிடும், டாக்ஸிக்குச் சொல்லு” என்றார். டாக்ஸி ஆடி அசைந்து வந்தது. இன்னும் சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் கையையாவது காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர்.

“பின்னாடி யாருமே உக்காரலையா சார்?” என்று கேட்டார் மெக்கானிக்.

“உக்கார வேண்டியவங்க உள்ள படுத்திருக்காங்க,” என்றேன் நான். “வாந்தி எடுத்துடுவாங்கன்னு அப்பா ஏத்தலை.”

அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. கதவுக் கண்ணாடியில் மெக்கானிக்கின் எண்ணெய்க் கை பட்டிருந்தது. அதைத் துடைக்க ஒரு நல்ல துணி எடுத்துவரச் சொன்னார் அப்பா, என்னிடமே.