மேலுதடு

கடையில் ஈ ஓட்டுகிறவர்களை எல்லாருக்கும் தெரியும். என் வீட்டுக்காரர் ஈ கட்டுகிறவர் என்று முதலில் கேட்டபோது என் அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடிவிட்டாள். ட்ரவுட் மீன் பிடிப்பவர்களுக்காகத் தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றி, மீன் ஏமாறும்படி ஈயைப் போலச் செய்வதுதான் எங்கள் பிழைப்பு. இறகைத் தேர்ந்தெடுப்பது அவர், கட்டுவது நான். பேச்சுவார்த்தை இல்லாத நாட்களில்கூட இந்தப் பங்கீடு மாறியதில்லை.

தண்ணீரில் மிதக்க வேண்டிய ஈக்குச் சேவலின் கழுத்திறகுதான் கால். முள்ளில் சுற்றியதும் அதன் இழைகள் விறைத்து நிற்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் நனைந்து முங்கிவிடும். பளபளப்பைப் பார்த்து ஏமாந்துவிடலாம். விரலையும் நம்ப முடியாது, நூல் இழுத்துக் காய்த்துப்போன விரல்கள். அதனால் இவர் இறகை வளைத்து, விரிந்த இழைகளை மேலுதட்டில் வைத்துப் பார்ப்பார். குத்தினால் எடுப்பார், வருடினால் ஒதுக்குவார். இதற்காகவே மீசை வைத்துக்கொண்டதில்லை. சேவலுக்காக மீசையை விட்டுக்கொடுத்த ஒரே ஆண்பிள்ளை நீங்கள்தான் என்று நான் கேலி செய்வேன்.

சென்ற ஆண்டு மேல்தாடையில் ஒரு கட்டி வந்தது. அறுத்து எடுத்தார்கள். உயிர் தப்பியது, ஆனால் வாயைச் சுற்றி மரத்துப்போய்விட்டது. போகப்போக உணர்ச்சி வரும் என்று இவரிடம் சொன்ன டாக்டர், வராமலும் போகலாம் என்று என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். எனக்கு அவர்மேல் பற்றிக்கொண்டு வந்தது. அதன்பிறகு இவர் ரொட்டி தின்றால் துணுக்கு உதட்டிலேயே நிற்கும், இவருக்குத் தெரியாது. நான் துடைத்துவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஆனாலும் மேசைக்குத் திரும்பினார். ஜன்னலோரம் உட்கார்ந்து, உலர்ந்த சேவல் கழுத்துத் தோலிலிருந்து இறகைப் பிடுங்கி, பழையபடி உதட்டில் வைத்துத் தலையாட்டி என்னிடம் நீட்டினார். நானும் கட்டி ஒரு பெட்டி அனுப்பினேன். மீன்பிடிச் சாமான் கடைக்காரர் அந்தப் பெட்டியை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார். நல்லவேளை, இவர் குளித்துக்கொண்டிருந்தார். எல்லாம் முங்குகிறது என்றார் கடைக்காரர், குரலைத் தாழ்த்தி. அவர் போனதும் ஒன்றை எடுத்து டம்ளர் தண்ணீரில் போட்டேன். நேராக அடிக்குப் போயிற்று.

இவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த மேசையும் இல்லையென்றால் இந்த மனிதர் படுக்கையை விட்டு எழவே மாட்டார் என்று பயந்தேன். அன்றிலிருந்து இவர் பொறுக்கிவைத்த இறகுகளை, இவர் தூங்கும் மத்தியானங்களில் சமையலறைக்கு எடுத்துப்போய் என் உதட்டில் வைத்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் தேறவில்லை. கழித்ததைக் குப்பைக்கு அடியில் புதைத்துவிட்டு வேறு பிடுங்கிச் சேர்த்தேன். ஈக்கள் மிதந்தன. கடைக்காரர் இவரையே போனில் கூப்பிட்டுப் பாராட்டினார்.

"உதடு மரத்தா என்ன, கண்ணே பாத்துக்குது பாத்தியா? இத்தனை வருஷமா மீசையை வீணா சிரைச்சுத் தள்ளிட்டேன்."

மறுநாளிலிருந்து மீசை வளர ஆரம்பித்தது. நான் சிரித்துவைத்தேன். பிறகு அடுப்புப் பக்கம் போய் அழுதேன்.

ஒரு மத்தியானம் இவர் வழக்கத்துக்கு முன்னதாகவே எழுந்துவிட்டார். எல்லாவற்றையும் அவசரமாக எடுத்துவைத்துவிட்டு டீ கொண்டுவந்து கொடுத்தேன். டீயைத் தொடாமல் என் முகத்தையே பார்த்தார். கையை நீட்டி என் மேலுதட்டிலிருந்து எதையோ எடுத்தார். செம்பழுப்பில் ஒரு சின்ன இறகுத் துணுக்கு. விரல் நுனியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காலமெல்லாம் ஈயோடு வாழ்ந்தவர் முகத்தில் அன்று ஈயாடவில்லை.

"எப்பலேருந்து?"

"ஒரு பெட்டி திரும்பி வந்துச்சுங்க. அதுலேருந்து."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பதிலுக்குச் சொல்லி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். எழுந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாப்பிடவும் வரவில்லை. நான் பயந்தது நடந்துவிட்டது, அதுவும் என் கையாலேயே நடந்துவிட்டது என்று நினைத்தேன்.

காலையில் மேசையருகே போனபோது இவர் உட்கார்ந்திருந்தார். எப்போதும் எதிரில் கிடக்கும் என் நாற்காலி இவர் பக்கத்தில் இருந்தது. நான் உட்கார்ந்ததும் ஓர் இறகைப் பிடுங்கி, முள்ளோடு வைத்து அளந்து, வளைத்து இழைகளை விரித்தார். பழக்கத்தில் கை தன் உதடுவரை போய் நின்றது. பிறகு என் பக்கம் திரும்பி, என் மேலுதட்டில் அதை வைத்தார்.

"குத்துதா?"

நல்ல நிறம், நல்ல பளபளப்பு. நேற்றுவரை என்றால் குப்பைக்கு அடியில் போயிருக்கும். பூனைக்குட்டி வால் மாதிரி வருடியது. நான் இவர் முகத்தைப் பார்த்தேன்.

"எனக்காகச் சொல்லாதே. உள்ளதைச் சொல்லு."

"இல்லீங்க," என்றேன்.

இவர் அதை ஒதுக்கிவைத்துவிட்டு அடுத்ததைப் பிடுங்கினார்.