ஏழு நாள் கையெழுத்து

அந்தக் காகிதத்துல கையெழுத்துப் போட்டப்போ நான் சிரிச்சேன், அதை முதல்லயே சொல்லிடறேன். வயலின் டீச்சர்கிட்ட பொண்ணைச் சேர்க்கணும்னா பதினோரு விதி. நகம் வெட்டியிருக்கணும். அஞ்சு நிமிஷம் முன்னாடி வரணும். பெத்தவங்க வகுப்புல வாயைத் திறக்கக் கூடாது. "ஜெயில்ல கூட இவ்வளவு இருக்காது"ன்னு வீட்டுக்காரர்கிட்ட கிண்டலடிச்சேன்.

ஒன்பதாவது விதி பயிற்சி நோட்டு. பிள்ளை தினமும் அரை மணி நேரம் வாசிக்கிறதைப் பெத்தவங்க கண்ணால பார்த்து, தேதி எழுதிக் கையெழுத்துப் போடணும். பார்க்காம போட்டது தெரிஞ்சா அன்னைக்கே இடம் போயிடும்.

எனக்கு ஆஸ்பத்திரி லாண்டரியில ரெண்டு மணியிலேருந்து பத்து மணி வரைக்கும் வேலை. அவர் லாரி எடுத்துட்டுப் போனா வாரத்துல ரெண்டு நாள்தான் வீட்ல. சாயங்காலம் ஆறு மணிக்கு அவ வாசிக்கிறதை யாரு பார்க்கிறது? எனக்குப் பதிலா இஸ்திரி மெஷினா வந்து பார்க்கும்? அதனால ஞாயித்துக்கிழமை காலையில உக்காந்து, ஏழு நாளுக்கும் ஒரே மூச்சுல தேதி, முப்பது நிமிஷம், கையெழுத்து. வகுப்பு சனிக்கிழமைதானே, அதுக்குள்ள தேதியெல்லாம் தானா வந்து சேர்ந்துடும். பெரிய கெட்டிக்காரின்னு என்னை நானே மெச்சிக்கிட்டேன்.

ஆனா அவ ஒரு நாள் கூட ஏமாத்தல. கீழ் வீட்டு அக்கா சாட்சி. "ஆறு மணியானா உன் பொண்ணு ஆரம்பிச்சுடறா, என் சீரியல்ல ஒரு வார்த்தை காதுல விழல"ன்னு வாரம் தவறாம புகார் சொல்லுவாங்க.

போன வியாழக்கிழமை டீச்சர் போன் பண்ணி, சனிக்கிழமை வெளியூர் போறேன், இன்னைக்கு நாலு மணிக்கே அனுப்பிடுங்கன்னாங்க. பள்ளிக்கூடம் லீவு, பொண்ணு வீட்லதான் இருந்தா. அவகிட்ட சொல்லிட்டு வேலைக்கு ஓடிட்டேன். பஸ்ல பாதி வழி போனப்புறம்தான் நோட்டு ஞாபகம் வந்தது. சனிக்கிழமை வரைக்கும் கையெழுத்து போட்டாச்சே! நோட்டை எடுத்துட்டுப் போக வேண்டாம்னு பொண்ணுகிட்ட சொல்லச் சொல்லலாம்னு கீழ் வீட்டு அக்காவுக்கு ஆறு தடவை போன் அடிச்சேன். எடுத்தாத்தானே.

மறுநாள் காலையில டீச்சர் வீட்டுக்குப் போனேன். நோட்டு மேஜைமேல திறந்து கிடந்தது.

"இன்னைக்கு வெள்ளி. இதுல சனிக்கிழமை வரைக்கும் வாசிச்சாச்சு"ன்னாங்க.

"டீச்சர், அவ நிஜமாவே..."

"வாசிச்சிருக்கா. தந்தியில வில்லை வெச்ச உடனேயே எனக்குத் தெரிஞ்சுது. கேட்டதும் உண்மையையும் சொல்லிட்டா."

"அப்புறம் என்ன டீச்சர்?"

"போன வருஷம் இதே தப்புக்கு என் அக்கா பையனையே வகுப்புலேருந்து நிறுத்தி அனுப்பினேன். அக்கா இன்னும் என் வீட்டு வாசல்ல கால் வைக்கல. உங்களுக்கு மட்டும் விட்டுக்கொடுத்துட்டு அவ மூஞ்சில எப்படி முழிக்கிறது?"

சண்டை போடத்தான் போயிருந்தேன். என் வாய் அப்படிப்பட்டது. ஆனா அவங்க கண்ணு கலங்கியிருந்தது. கத்தியிருந்தா நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன், கலங்கின ஆள்கிட்ட என்னத்தைக் கேட்கிறது?

"தப்பு என்னோடது. என்னைத் தண்டிங்க டீச்சர்"னேன்.

"உங்களுக்கு நான் சொல்லித் தரலையேம்மா."

நோட்டை மூடி என் கையில கொடுத்தாங்க. இந்த ஊர்ல வேற வயலின் டீச்சர் கிடையாது.

பொண்ணுகிட்ட சொன்னேன். அவ அழல. "டீச்சருக்கு என்மேல கோபமா?"ன்னு மட்டும் கேட்டா. இல்லடி, என்மேலன்னேன். என் தலையில நானே மண்ணைப் போட்டுக்கிட்டா பரவாயில்ல, அவ தலையில போட்டுட்டேன்.

ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. ஆறு மணிக்கு அவ பாட்டுக்கு வயலினை எடுத்தா. மத்த ஞாயித்துக்கிழமையெல்லாம் துணி துவைச்சுக்கிட்டே காதால கேட்கிறவ, அன்னைக்கு எதிர்ல உக்காந்து அரை மணி நேரமும் பார்த்தேன். நகம் ஒட்ட வெட்டியிருந்தா. முடிச்சுட்டு வயலினைத் துடைச்சு வெச்சா. அப்புறம் நோட்டையும் பேனாவையும் கொண்டுவந்து நீட்டினா. புதுப் பக்கத்துல தேதியை அவளே எழுதியிருந்தா.

"இப்ப போடும்மா. இன்னைக்கு நீ பார்த்துட்ட இல்ல? டீச்சர் கேட்டா காட்டலாம்."

டீச்சர் இனிமே கேட்க மாட்டாங்கன்னு எந்த வாயால சொல்லுவேன்? பேனாவை வாங்கிப் போட்டேன்.